ஐந்தரை மணி நேரம்

பதினோரு நாளாக அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தினமும் நிரம்பி வழிகிறது. மாடிப்படி வழியாக ஒழுகி வாசல் வரை வந்து நிற்கிறது. முன்பெல்லாம் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும். அது தமிழினி செய்து வைத்த ஏற்பாடு. அதை அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

ஆம்பூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த வீட்டை வாராவாரம் வந்து போகிறவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி. பெரியவன் சம்பத்துக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. அவன் மனைவிதான் தமிழினி. சின்னவன் மதியழகன் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். அவன் மனைவி அமிர்தவள்ளி வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவள். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடைத்துக்கொண்ட பம்பைப் பார்க்கத் தொட்டிக்குள் இறங்கிய மதியழகன் விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். முப்பத்தொரு வயசு.

அந்தத் தொட்டிக்கு மேலே ஒரு சைரன் இருந்தது. உள்ளே வாயு ஏறினால் ஊர் கேட்க ஊத வேண்டிய சைரன். அன்றைக்கு அது ஊதவில்லை. ஏன் ஊதவில்லை என்று சாவு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தமிழினியின் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள், ஏனென்றால் அந்த சைரனைச் செய்தவள் அவள்.

அவளுக்கு அது ஒரு பைத்தியம், வேறு என்ன சொல்ல! பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஷூ கம்பெனி டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிறவள். லீவு நாளில் கோயில், குளம் என்று போக மாட்டாள். சூட்டுக்கோலும் ஈயமுமாகத் தரையில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டில் எதையாவது பற்றவைத்துக்கொண்டிருப்பாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி. அதில் பேட்டரி செத்த பழைய லேப்டாப் ஒன்று. அதுதான் அவளுடைய சர்வர். இரவு பகலாக ஓடும். தண்ணீர்த் தொட்டி, வாசல் விளக்கு எல்லாம் அது சொன்னபடி கேட்கும். "வீட்டுக்கு மூணாவது மருமக வந்திருக்குது" என்று மதியழகன் கிண்டல் செய்வான்.

அந்தக் கிண்டல்காரன்தான் பத்து மாசத்துக்கு முன்னால், "அண்ணி, எங்க தொட்டிக்கும் ஒரு பொட்டி செஞ்சி குடுங்களேன்" என்று வந்து நின்றான். செய்து கொடுத்தாள். வாயுவை அளக்கும் பெட்டி டேனரியில் இருக்கும். அது அளந்ததை நெட் வழியாக வீட்டு லேப்டாப்புக்கு அனுப்பும். ஊதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது லேப்டாப்தான்.

இதென்ன சுற்றுவழி என்று கேட்பீர்கள். டேனரிக்குள் அவளால் போக முடியாது. வெளிப் பெண்களை உள்ளே விட மாட்டார்கள். விட்டாலும், "சம்பத் பொண்டாட்டிக்கு அங்க இன்னா வேலை?" என்று தெரு பேசும். ஒரு கட்டளையை மாற்ற வேண்டுமானால் வீட்டிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம் என்றுதான், முடிவெடுக்கிற வேலையை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள். மதியழகன் செத்த தொட்டியை அவள் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அஃப்ரோஸ் போன் செய்தான். டேனரியில் சூப்பர்வைசர். மதியழகனுக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்த்.

"அண்ணி, சாப்ட்டீங்களா?"

"சொல்லுங்க அஃப்ரோஸ்."

"இன்னைக்கு நாலு மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு அண்ணி. விசாரணைக்கு. அதுக்கு முன்னாடி மொதலாளி ஆளுங்க என்கிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்க."

"இன்னா பேப்பர்?"

"சைரன் சுவிட்ச மதிதான் ஆஃப் பண்ணான்னு எழுதியிருக்குது. தொல்லையா இருக்குதுன்னு ஆஃப் பண்ணிட்டு, யாருக்கும் சொல்லாம அவனா எறங்கிட்டானாம்."

"பொய்!"

"பொய்தான் அண்ணி. அவன வெளிய தூக்கினதும் நான்தான் போய் சுவிட்ச பாத்தேன். ஆன்லதான் இருந்துது. அதையும் சொன்னேன். அப்போ ஏன் ஊதலன்னு திருப்பிக் கேக்கறாங்க. அதுக்கு நான் இன்னா சொல்றது? எனக்கே தெரியலியே."

அந்தப் பையனைப் பற்றியா இப்படி? சுவிட்சைத் தொடுகிறதுக்குக்கூட "அண்ணி, தொடலாமா?" என்று போன் செய்து கேட்கிறவனைப் பற்றியா?

"மதி சொல்வான், அண்ணி லேப்டாப்புல எல்லாம் பதிவாவுதுன்னு. கொஞ்சம் பாருங்க அண்ணி. அதுல ஒரு காரணம் கெடச்சாலும் போதும், நான் கையெழுத்து போட மாட்டேன்."

"கெடைக்கலன்னா?"

"எனக்கும் மூணு பொண்ணுங்க இருக்குது அண்ணி. வேலைய வுட்டுட்டு எங்க போவேன்?" என்றான் அஃப்ரோஸ். குரல் உடைந்திருந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டில் யாருமில்லை. சம்பத் டியூட்டி முடிந்து இனிமேல்தான் வருவான். அமிர்தவள்ளி, பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதைக் காதில் வாங்காமல், ஆட்டோ ஓட்டும் தன் அண்ணனோடு காவல் நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மதியழகனின் செல்போன் அங்கே இருக்கிறது. இன்றைக்குத் தருகிறார்களாம்.

தமிழினி அலமாரியின் முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பின் ஒயரை மறுபடியும் செருகினாள். விசிறி கிர்ரென்றது. எழுத்துகள் ஓடின.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில் என்ன நடந்தது?

பதிவில் ஆறே முக்காலே இல்லை. கடைசி வரி 15:32. அதாவது மத்தியானம் மூன்றரை. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கரண்ட் போயிருக்குமோ! ஒரு நிமிஷம் அவள் மனசு லேசானது. நானில்லை, கரண்ட்தான். மகமாயி, நானில்லை!

அப்புறம்தான் நினைவு வந்தது. ஒயரைப் பிடுங்கியதே அவள்தான். அன்றைக்குச் செய்தி வந்து, அமிர்தவள்ளி கூடத்தில் விழுந்து கிடந்தபோது, ஆத்திரத்தில் போய்ப் பிடுங்கினாள். அப்போது மணி ஒன்பது. ஒன்பது மணி வரைக்கும் ஓடிய பதிவு மூன்றரையில் எப்படி முடியும்?

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. லேப்டாப்பின் மூலையைப் பார்த்தாள். 04:50.

ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

இது கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சுலபமாகவே சொல்கிறேன். புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிய சர்வருக்குத் தான் ஆம்பூரில் இருப்பது தானாகத் தெரியாது. நாம் எடுத்துச் சொல்லும்வரை உலகப் பொது நேரத்திலேயே ஓடும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். மதியழகன் சாவதற்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பின் டிஸ்க் கெட்டுப்போய் தமிழினி புது டிஸ்க் போட்டாள். பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த கட்டளைகளை ஏற்றினாள். மதியழகனுக்குப் போன் செய்து சைரனை ஊத வைத்தும் பார்த்தாள். நன்றாகவே ஊதியது. நேரத்தை நம் ஊருக்கு மாற்ற மட்டும் மறந்துபோனாள். செல்போனில் பார்த்தால் போன் தானாகவே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். அதனால் தப்பு கண்ணில் படவே இல்லை.

கடிகாரம் தப்பாக ஓடினால் சைரனுக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அங்கேதான் வெள்ளிக்கிழமை வருகிறது.

டேனரியின் பின்சுவரை ஒட்டிப் பள்ளிவாசல். பெட்டி வைத்த முதல் மாசமே இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கான பயான் என்கிற பிரசங்கம் நடக்கும்போது சைரன் அலறிவிட்டது. அஃப்ரோஸ்தான் கேட்டான். "அண்ணி, தொழுகை நேரத்துல மட்டும் ஊதாம பண்ண முடியுமா? பெரியவங்கல்லாம் பேஜாராவறாங்க. அப்போ தொட்டிகிட்ட யாரும் இருக்க மாட்டாங்க. நாங்க தொழப் போய்டுவோம். மதியும் மத்தவங்களும் சாப்பாட்டுக்குப் போய்டுவாங்க."

நியாயமான பேச்சு. தமிழினி ஒரு வரி எழுதினாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை ஊதாதே. அதற்கப்புறம் ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை.

உலக நேரத்தில் ஓடும் கடிகாரத்தின் பன்னிரண்டரை நமக்குச் சாயங்காலம் ஆறு மணி. அதன் இரண்டு மணி நமக்கு ஏழரை.

வெள்ளிக்கிழமையின் வரிகளைத் தேடிக்கொண்டு போனாள். 13:11 என்று ஒரு வரி. ஐந்தரையைக் கூட்டினால் ஆறு நாற்பத்தொன்று. வாயு அளவு முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆளைக் கீழே தள்ளுகிற அளவு. பக்கத்தில், காரணம் எழுதுகிற இடத்தில், அவளே எழுதி வைத்திருந்த இரண்டு வார்த்தைகள்: தொழுகை நேரம்.

சைரனுக்கு ஒரு கோளாறும் இல்லை. அவள் சொன்னபடி கேட்டிருக்கிறது.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கொன்னுட்டேனே, என் கையாலயே கொன்னுட்டேனே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அழுதபடியே திரையைப் பார்த்தவள் அதற்கு மேலே இன்னொரு வரியைக் கண்டாள். 07:40, சைரன் ஊதியது. நம் கணக்குக்கு அன்றைக்கு மதியம் ஒன்று பத்து. அந்த வரியைப் பார்த்ததும் அவள் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். பதினோரு நாளாக யாரிடமும் சொல்லாத சங்கதி அது. நானும் இப்போது சொல்லவில்லை. அமிர்தவள்ளி வரட்டும்.

ஒரு மணிக்கு சம்பத் வந்தான். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பைக்கில் வந்த தூசியோடு கூடத்தில் நின்று, "குளிக்கணும். மோட்டார் போடறேன்" என்றான். போட்டுவிட்டு வந்தவன், தமிழினி சுவரோரம் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இன்னா ஆச்சி தமிழு?"

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வரியையும் காட்டினாள்.

சம்பத் அதிகம் பேசுகிற ஆளில்லை. தாய் தகப்பன் போனபின் தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்தவன். சுடுகாட்டில்கூட அவன் சத்தமாக அழவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இது யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு."

"அழிச்சுடு."

"என்னங்க!"

"அழிச்சுடுன்றேன். மதி போய்ட்டான். இத சொன்னா அவன் திரும்பி வருவானா? வர மாட்டான். உன்ன போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுப்பாங்க. தெருவுல நடக்க முடியுமா உன்னால?"

"அவரு பேர்ல பொய் எழுதறாங்க. தொல்லையா இருக்குதுன்னு அவரே ஆஃப் பண்ணாராம். நாளைக்கு ஊரே அதத்தான் பேசும். அமிர்தம் காலம் பூரா அத கேட்டுக்கினு இருக்கணுமா?"

"ஊரு நாலு நாள் பேசும், மறந்துடும். அமிர்தம் மறப்பாளா? நீதான்னு தெரிஞ்சா இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாளா?" சம்பத்தின் குரல் உயர்ந்தது. "எனக்கு இருந்தது ஒரு தம்பி. அவன எடுத்துக்கினான் கடவுள். உன்னையும் நான் தூக்கிக் குடுக்கணுமா?"

தமிழினி அவன் காலடியில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்றது புரியுதுங்க. என்னால முடியாது. மூணு மணிக்கு அஃப்ரோஸ் வர்றாரு. அவர்கிட்ட சொல்லப் போறேன். அமிர்தத்துகிட்டயும் நானே சொல்லிடறேன்."

சம்பத் அவளையே பார்த்தான். கோபமா, துக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எழுந்திரு. மூஞ்சிய கழுவிக்கினு ரெண்டு வாய் சாப்டு" என்று மட்டும் சொன்னான்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். காலையில் வடித்த சோறு அப்படியே இருந்தது. தட்டில் போட்டாள், பிசைந்தாள், சாப்பிட முடியவில்லை. பின்பக்கம் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வரட்டும் என்று நினைத்தாள். பாவம் மனுஷன், அவனுக்கும் அழ ஒரு இடம் வேண்டாமா?

மூன்று மணிக்குச் சொன்னபடி அஃப்ரோஸ் வந்தான். கையில் மடித்த காகிதம். ஷேவ் செய்யாத முகம். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"கெடச்சுதா அண்ணி?"

"கெடச்சுது."

வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. அமிர்தவள்ளி இறங்கி வந்தாள். அவள் அண்ணன் ஆட்டோவிலேயே இருந்தான். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, மடியிலிருந்து மதியழகனின் செல்போனை எடுத்தாள். ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"ஸ்டேஷன்லியே சார்ஜ் போட்டுக் குடுத்தாங்க" என்றாள். "ஆட்டோவுல வரும்போது ஒவ்வொண்ணா பாத்துக்கினு வந்தேன். கடைசியா அவரு யாருக்கு பேசி அனுப்பியிருக்காருன்னு பாத்தேன். எனக்கு இல்லக்கா. உனக்கு."

தமிழினி கண்ணை மூடிக்கொண்டாள்.

அமிர்தவள்ளி விரலால் தொட்டாள். செத்துப்போனவன் கூடத்தில் பேசினான்.

"அண்ணி, பொட்டி இன்னைக்கு தொழுகை நேரத்துல ஊதிடுச்சி அண்ணி. உள்ள பயான் நடக்குது, இது அலறுது. அஃப்ரோஸ் மானம் போச்சி." சிரிப்புச் சத்தம். "நீங்க போட்ட ரூலு எங்கியோ போய்ட்டாப்பல இருக்குது. பாத்து சரி பண்ணிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவசரமில்ல அண்ணி, வேலைய முடிச்சிட்டு பாருங்க."

அஃப்ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"ஒண்ணே காலுக்கு அனுப்பியிருக்காரு" என்றாள் அமிர்தவள்ளி. "நீ எப்பக்கா கேட்ட?"

"கம்பெனியில போன லாக்கர்ல வாங்கி வெச்சிடுவாங்க. சாயந்திரம் பஸ்ஸுல கேட்டேன்."

"ஆறு ஏழுக்கு. மணி இதுலயே இருக்குது. கேட்டுட்டு பதிலுக்கு அந்தக் கட்டைவிரல் படத்த போட்டு அனுப்பியிருக்க."

"ஆமா."

"அப்போ சரி பண்ணிட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்குக்கா கட்டைவிரல் போட்ட?"

"கேட்டுட்டேன்னு சொல்றதுக்கு" என்றாள் தமிழினி. "வீட்டுக்குப் போய் சோறு வெச்சிட்டு பாக்கலாம்னு நெனச்சேன். இன்னைக்குத் தொழுகை முடிஞ்சிடுச்சி, அடுத்த வெள்ளிக்குள்ள சரி பண்ணா போதும்னு நெனச்சேன். மதியம் ஊதக் கூடாத நேரத்துல ஊதுச்சின்னா, ஊதாத நேரம் வேற எங்கியோ போயிருக்குதுன்னுதானே அர்த்தம்? அது எனக்குத் தோணவே இல்ல அமிர்தம்."

இதுதான் அவள் பதினோரு நாளாக உள்ளே வைத்துப் புழுங்கிய சங்கதி. கேட்டாள், கட்டைவிரல் போட்டாள், ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அஃப்ரோஸ் மெதுவாகத் திரும்பினான்.

"எறங்கறதுக்கு முன்னாடி அவன் போன பாத்தான் அண்ணி. இப்பதான் எனக்கு வெளங்குது. 'அண்ணி பாத்துட்டாங்க, இனிமே கரெக்டா ஊதும்'னு சொன்னான். பொட்டி வர்றதுக்கு முன்னாடில்லாம் மூடிய தெறந்து அரை மணி வுட்டுட்டு, இடுப்புல கயிறு கட்டிக்கினுதான் எறங்குவோம். பொட்டி வந்தப்புறம் அது ஊதலன்னா காத்து நல்லா இருக்குதுன்னு எறங்கிடுவோம். நான் ஸ்பேனர் எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

அமிர்தவள்ளி அழவில்லை. அவள் அழுதிருந்தால் தமிழினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கையை நீட்டி அஃப்ரோஸிடமிருந்த காகிதத்தை வாங்கினாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். "தொல்லையா இருக்குதுன்னு ஆஃப் பண்ணாராமே" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அமிர்தம், நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று தமிழினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். கை விலகியது. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். புது டிஸ்க், மறந்துபோன நேரம், ஆறு நாற்பத்தொன்று, அவளே எழுதிய இரண்டு வார்த்தை. "எல்லாம் லேப்டாப்புல இருக்குது. வா, உன் கண்ணால பாரு. அஃப்ரோஸ், நீங்களும் வாங்க. இத கொண்டுபோய் அந்த இன்ஸ்பெக்டர் முன்னாடி நானே வெக்கறேன்."

மூவரும் மாடிப்படிக்குக் கீழே போனார்கள். படி முழுக்கத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அலமாரி காலியாக இருந்தது. ஒயர் மட்டும் தொங்கியது.

பைக் கிளம்பிய சத்தம் இப்போதுதான் தமிழினிக்கு விளங்கியது. "ஐயோ, மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா எங்க?" என்றாள் அமிர்தவள்ளி.

"இவருதான் எடுத்துக்கினு போயிருக்காரு. அழிச்சுடுன்னு சொன்னாரு, நான் முடியாதுன்னேன். எனக்குத் தெரியாது அமிர்தம், சத்தியமா எனக்குத் தெரியாது."

அமிர்தவள்ளி முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி ராத்திரி முழுக்க நெற்றியில் பத்துப் போட்டவள்.

"நல்லா இருக்குதுக்கா" என்றாள். "காட்டறேன்னு பொண்டாட்டி கூப்புடுவா, புருஷன் எடுத்துக்கினு போய்டுவாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா?"

"அப்படிச் சொல்லாத..."

"போதும்." செல்போனை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். "அஃப்ரோஸ் அண்ணே, கையெழுத்து போடாதீங்க. நான் வர்றேன். ஆபீசர் முன்னாடி அவரு பேசினத போட்டுக் காட்டறேன். எங்க வீட்டுக்காரரு சுவிட்ச ஆஃப் பண்ற ஆளா, இல்ல சரி பண்ணுங்கன்னு கெஞ்சற ஆளான்னு ஆபீசரே கேக்கட்டும்."

"நானும் வர்றேன்" என்றாள் தமிழினி.

"நீ வேணாம்."

ஆட்டோ கிளம்பியது. அஃப்ரோஸ் பைக்கில் பின்னால் போனான். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

தமிழினியின் போன் அடித்தது. சம்பத்.

"எங்க இருக்கீங்க?"

"பாலாத்துப் பாலத்து மேல." காற்றுச் சத்தம் கேட்டது. "தமிழு, நீ வாயத் தெறக்காத. நான் பாத்துக்கறேன்."

"அமிர்தத்துக்குத் தெரிஞ்சிபோச்சி. நானே சொல்லிட்டேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அத எடுத்துக்கினு டேனரிக்கு வாங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். நீங்க வந்தாலும் நான் போறேன், வராட்டியும் போறேன். நம்ம தம்பி பேர்ல இன்னைக்கு நாலு மணிக்கு பொய் எழுதிடப் போறாங்க."

லைன் கட்டாகிவிட்டது. லேப்டாப்பை ஆற்றில் தூக்கிப் போட்டானா, இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானா, அவளுக்குத் தெரியாது.

மணி மூன்று இருபத்தைந்து. தமிழினி மோட்டார் சுவிட்சைக் கையால் அணைத்தாள். படியில் தண்ணீர் சொட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரி, "எங்க தமிழு கெளம்பிட்ட?" என்றாள்.

"டேனரிக்கு" என்றாள் தமிழினி. "அந்தத் தொட்டிகிட்ட."

பத்து மாசமாக வீட்டில் உட்கார்ந்தே அவள் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்த இடத்துக்கு, முதல் முறையாக அவளே நடந்து போனாள்.